மயிலுக்குத் தலை எந்தப் பக்கம்

மயில் தலைகீழாக இருந்தது.

கிள்ளானுக்கு வடக்கே மேரு என்கிற இடத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாத் தொழிற்சாலையின் முன்கூடத்தில், கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். புடவையில் ‘விருந்தினர்’ என்று ஒரு அட்டையைக் குத்தியிருந்தார்கள். எதிரே தரையில் சாக்பீஸால் வரைந்த பெரிய மயில். அதன் கொண்டை என் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. கால்கள் கூடத்தின் அந்தக் கோடியில், மேலே பார்த்துக்கொண்டு இருந்தன.

சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து கோடுகளுக்கு நடுவே கலர் அரிசியைத் தூவிக்கொண்டிருந்தார்கள். தோகையில் பாதிக்கு மேல் நீலமும் பச்சையுமாக நிரம்பிவிட்டது. இனி அழித்துத் திருப்பிப் போடுவதென்றால் பெருக்கி அள்ளத்தான் வேண்டும்.

பத்து மணிக்கு சூப்பர்வைசர் குணா வருவார். கோலம் சரியில்லை என்றால் அவர் காரில் சுருட்டி வைத்திருக்கிற ஸ்டிக்கர் கோலத்தை ஒட்டிவிடுவார்கள். இந்தத் தீபாவளிக்கு மட்டுமல்ல, இனி எல்லாத் தீபாவளிக்கும் ஸ்டிக்கர்தான் என்று பேச்சு.

இந்த மயிலை வரைந்த பரமேஸ்வரி என் மாணவி.

சும்மா இருக்கப் போன கதை

கோலாலம்பூருக்கு நான் பாடம் நடத்தப் போகவில்லை. சும்மா இருக்கப் போனேன். பத்திரிகைக் கதைகளுக்குப் படம் வரைந்து வரைந்து வலது தோள்பட்டை இறுகிப் போயிருந்தது. சாந்தி கூப்பிட்டாள்.

சாந்தி கோலாலம்பூர்க்காரி. திருச்சியில் கல்லூரி விடுதியில் என் அறைத் தோழி. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். “ரெண்டு மாசம் வந்து சும்மா இரு வத்சலா. உன்ன யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க” என்றாள். அதில் அவளே சேர்த்தி இல்லை என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவளுக்குக் கை பரபரக்கும்.

அந்த வாரமே கீழே கடைகளில் நோட்டீஸ் ஒட்டிவிட்டாள். ‘இந்தியாவிலிருந்து வருகை தந்திருக்கும் பிரபல ஓவியரின் ஓவிய வகுப்பு. அறவே தெரியாதவர்களுக்கு மட்டும்.’

“பிரபலத்த எடுத்துடு சாந்தி. மானம் போவுது.”

“ஒட்டியாச்சு லா. யார் வந்து செக் பண்ணப் போறாங்க?” அந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒரு ‘லா’ ஒட்டிக்கொள்ளும்.

நான் எவ்வளவு பிரபலம் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு முறை பத்திரிகை ஆசிரியர் அவசரப்படுத்தினார் என்று கதையைப் படிக்காமலே படம் போட்டுக் கொடுத்தேன். நாயகனுக்கு அருமையான மீசை வைத்தேன். கதையோ, மீசையை எடுத்துவிட்டதால் காதலிக்கு அடையாளம் தெரியாமல் போகிற ஒருவனைப் பற்றியது. அந்த வாரம் வந்த வாசகர் கடிதங்களைப் போல என் வாழ்நாளில் வந்ததில்லை. அதுதான் என் பிரபலம்.

வகுப்பு ஒரு மாலைக் கடைக்கு மேலே இருந்த அறையில் நடந்தது. சனிக்கிழமை காலை. கீழேயிருந்து மல்லிகை வாசனை வரும். கொஞ்ச நேரத்தில் பக்கத்து உணவுக்கடையில் மீன் தலைக் குழம்பு தாளிக்கிற வாசனை வந்து மல்லிகையை விரட்டிவிடும். மோனோ ரயில் போகும்போது ஜன்னல் அதிரும். கோடு கோணலாகப் போனவர்கள் எல்லாரும் ரயில் மேல் பழி போடுவார்கள். ரயில் வராதபோதும் போடுவார்கள்.

எல்லா ஊரிலும் ஒரே வசனம்

போகிற இடத்திலெல்லாம் யாராவது பிடித்து உட்கார வைத்துப் பாடம் எடுக்கச் சொல்வது என் ஜாதகத்தில் இருக்கிறது. கொழும்பில் ஒரு கல்யாண மண்டபத்தில் எடுத்திருக்கிறேன். கனடாவில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, ஒரு வீட்டின் நிலவறையில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு எடுத்திருக்கிறேன். எந்த ஊரானாலும் வரையத் தெரியாதவர்கள் முதலில் சொல்கிற வசனம் ஒன்றுதான்: “எனக்கு ஒரு கோடுகூட நேரா வராது.”

நேர்கோடு வேண்டுமானால் கடையில் ஸ்கேல் கிடைக்கும், அதற்கு ஒரு வகுப்பு எதற்கு என்று நான் கேட்பேன். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் பாதி பயம் போய்விடும்.

பிரிக்பீல்ட்ஸ் வகுப்பில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்கேலையே எடுத்து மேஜை மேல் வைத்தார். சேவியர் அங்கிள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாலாக் செலாத்தானிலிருந்து வருவார். எதை வரையச் சொன்னாலும் ரயில்தான் வரைவார். பூஜாடியை வைத்தால், ஜாடிக்குப் பின்னால் ஒரு ரயில் போகும். ஸ்கேலைப் பிடுங்கி வைத்தேன். அடுத்த வாரம் மாதா கோயில் பாட்டுப் புத்தகத்துக்குள் இன்னொன்றை மறைத்துக் கொண்டு வந்தார்.

“அங்கிள், இது என்ன?”

“அது புக்மார்க் டீச்சர்.”

எழுபது தாண்டியவரை என்ன சொல்ல முடியும். விட்டுவிட்டேன்.

ஒரு கிளாஸ் தே தாரேக்

முதல் பாடம் எப்போதும் ஒரு கிளாஸ். அந்த ஊரில் கிளாஸ் என்றால் தே தாரேக்தான், உயரத்திலிருந்து ஆற்றி, கைப்பிடி வைத்த கிளாஸில் நுரை பொங்கக் கொடுக்கிற பால் டீ. ஆளுக்கொன்று வரவழைத்து முன்னால் வைத்தேன். அதில் ஒரு தவறு செய்துவிட்டேன். சூடான டீயை எதிரே வைத்துக்கொண்டு பென்சில் பிடிக்க மலேசியத் தமிழர்களால் ஆகாது. வரைய வரைய டீ குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பாதிப் பேர் காலி கிளாஸைத்தான் வரைந்தார்கள்.

எல்லாரும் கிளாஸின் வாயை முழு வட்டமாகப் போட்டார்கள். அடியை நேராகப் போட்டார்கள். புதிதாக வரைகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான். வாய் வட்டம் என்று மூளைக்குத் தெரியும், அதனால் கண் சொல்வதைக் கேட்காது.

“நீங்க எங்கருந்து பாக்கறீங்க? மேலருந்தா, பக்கத்துலருந்தா?” என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். “ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல நிக்க முடியாது. ஒரு இடத்துல நின்னு அங்கருந்து என்ன தெரியுதோ அத மட்டும் போடுங்க.”

நான் சொல்லிக் கொடுக்கிற மொத்த வித்தையும் இவ்வளவுதான். மீதியெல்லாம் அலங்காரம்.

கடைசி மேஜையில் நாற்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பெண், எல்லாரையும் விட வேகமாக வரைந்துகொண்டிருந்தார். கோடு தயங்காமல் ஓடியது. கிட்டே போய்ப் பார்த்தால், தாளைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே வரைகிறார். கிளாஸின் வாய் ஒரு பக்கம் பார்க்க, கைப்பிடி இன்னொரு பக்கம் பார்க்க, டீ மூன்றாவது பக்கம் சாய்ந்திருந்தது.

“தாளத் திருப்பாதீங்க. படத்துக்கு மேல் எது, கீழ் எதுன்னு குழம்பிப் போகும்.”

“கோலம் போட்ட கை டீச்சர். சுத்திச் சுத்தித்தான் வருது” என்றார்.

அவர்தான் பரமேஸ்வரி. வகுப்பில் எல்லாருக்கும் பரமேஸ். கிள்ளானிலிருந்து கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலில் வருவார். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி, “பசியாறிட்டீங்களா டீச்சர்?” பதில் எதுவானாலும் பையிலிருந்து ஏதாவது ஒரு பொட்டலம் வரும்.

வாயைக் கொடுத்த கதை

இரண்டாவது வாரம் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு பரமேஸ் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், தீபாவளிக்குள்ள எனக்கு மயில் வரணும்.”

“எங்கருந்து?”

“கையிலருந்து லா. நான் கம்பெனியில பேசிட்டேன். இனிமே பின்வாங்க முடியாது.”

கதையைச் சொன்னார். மேருவில் அவர் வேலை பார்க்கிற தொழிற்சாலையில், பேக்கிங் பிரிவில் அவரைப் போலப் பல பெண்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்கூடத்தில் கலர் அரிசிக் கோலம் போடுவது இவர்கள் வேலை. அந்த ஊரில் அது பெரிய வழக்கம். கடைத்தொகுதி, வங்கி, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் தீபாவளி வாரத்தில் வாசலில் ஒரு அரிசிக் கோலம் கிடக்கும். சீனர்களும் மலாய்க்காரர்களும் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஆனால் தொழிற்சாலைக்குக் கோலம் என்றால் புள்ளிக்கோலம் இல்லை. ஆபீஸில் படம் கேட்பார்கள். குத்துவிளக்கு, பொங்கும் பானை, இப்படி ஏதாவது. அதை யாரோ ஒருவர் பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டு வருவார். இவர்கள் அதன் மேல் கோடு இழுத்து அரிசியை நிரப்புவார்கள்.

இந்த வருஷம் அரிசி சிந்துகிறது, எறும்பு வருகிறது, பேக்கிங் லைன் அரைநாள் நிற்கிறது என்று புகார். குணா கூட்டத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றார்.

“அந்த அரை நாள் டீச்சர்” என்றார் பரமேஸ். “வருஷம் பூரா லைன்ல நின்னுக்கிட்டே இருக்கோம். பேச முடியாது, மெஷின் சத்தம். அந்த ஒரு நாள்தான் எல்லாரும் கீழ உக்காந்து, ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துப் பேசுவோம். பாட்டு போடுவோம். கக் ரோஸ்கூட வந்து உக்காருவாங்க. அத ஸ்டிக்கர் ஒட்டி மூடப் பாக்கறாங்க.”

கக் ரோஸ் அவருடைய லைனில் வேலை பார்க்கிற மலாய்க்காரப் பெண். கக் என்றால் அக்கா.

“அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

“எனக்குக் கோவம் வந்திருச்சு. அச்சடிச்ச தாளும் வேணாம், ஸ்டிக்கரும் வேணாம், நான் கையாலயே மயில் போடறேன், லைன் அரை நாள் நிக்காம காலையில பத்து மணிக்குள்ள முடிச்சிடறோம்னு சொல்லிட்டேன். குணா அண்ணே சரின்னுட்டாரு. பத்து மணிக்கு வந்து பாப்பாராம். நல்லா இல்லேன்னா ஸ்டிக்கராம்.”

“உங்களுக்கு மயில் வரையத் தெரியுமா?”

“தெரிஞ்சா இங்க ஏன் டீச்சர் வரேன்.”

எனக்கு அவரை அப்போதே பிடித்துப் போயிற்று. வாயைக் கொடுத்துவிட்டுப் பிறகு வழி தேடுகிற ஆட்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பாசம் உண்டு. நானும் அந்த இனம்தான்.

எனக்கு வராத ஒரே கலை

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கோலம் வராது. மார்கழி மாதத்தில் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிற பால்காரர்கூட ஒரு தடவை நின்று, “பசங்க போட்டதாம்மா?” என்று கேட்டார். ஓவியம் என் தொழில் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

அதனால் பரமேஸின் கையை நான் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தேன். கோடு எடுத்தால் எடுத்த இடத்தில் வந்து சேரும். ஆனால் கோலத்துக்கு மேல் கீழ் கிடையாது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது கோலம்தான். மயில் அப்படியில்லை. அதற்குக் கால் கீழே இருக்க வேண்டும்.

வாராவாரம் மயில் போட்டோம். முதல் மயில் வான்கோழியாக இருந்தது. இரண்டாவதைப் பார்த்த சேவியர் அங்கிள், “கோழி நல்லா இருக்கு” என்று மனதாரப் பாராட்டினார். பரமேஸ் அவருக்குக் கொண்டுவந்திருந்த கறிபாப் என்கிற மசாலா பஃப்பை அன்று கொடுக்கவில்லை. அதற்கப்புறம் கழுத்து வந்தது. பிறகு தோகை வந்தது. தோகை வந்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது, ஏனென்றால் தோகையில் இருப்பதெல்லாம் கோலம்தான். கால்தான் கடைசி வரை மசியவில்லை. மயிலுக்குக் கால் குச்சி குச்சியாக இருக்கும் என்று எத்தனை முறை சொன்னாலும் பரமேஸ் உலக்கை மாதிரி இரண்டு போடுவார்.

தாளில் வருவது வேறு, தரையில் வருவது வேறு. ஆகவே ஒரு சனிக்கிழமை வகுப்புக்குப் பிறகு, சாந்தியின் அடுக்குமாடியில் கார் நிறுத்துகிற இடத்தில் ஒத்திகை வைத்தோம். பரமேஸ் சாக்பீஸை எடுத்துக் குனிந்து, பின்பக்கமாகவே நடந்து, சுற்றிச் சுற்றி வரைந்தார். நான் சுவரோரம் நின்று பார்த்தேன்.

“மயில் சாஞ்சு நிக்குது பரமேஸ்.”

“இங்கருந்து நேரா இருக்கே.”

“அதான் சொல்றேன். நீங்க நிக்கிற இடத்துலருந்து நேரா இருக்கு.”

அவர் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மயிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப எல்லாருக்கும் நேரா தெரியற மாதிரி போட முடியாதா டீச்சர்?”

“படம்னா முடியாது. யாராவது ஒரு பக்கத்து ஆளுக்குத்தான் நேரா தெரியும்.”

அந்த ஊர் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. அப்படியே கொட்டியது. கூரை இல்லாத பக்கம் இருந்த தோகை எங்கள் கண் முன்னால் கரைந்து வாய்க்காலுக்குப் போயிற்று. காவலாளி நல்லதாயிற்று என்று சந்தோஷப்பட்டார்.

மறுபடி மேரு

தீபாவளிக்கு முந்தைய வாரம், குறித்த நாளில், சேவியர் அங்கிளும் நானும் கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனோம். அங்கிள் வந்தது மயிலுக்காகவா ரயிலுக்காகவா என்று எனக்கு இன்றும் சந்தேகம். வழிநெடுக ஒவ்வொரு நிலையத்திலும் சிக்னல் எங்கே இருந்தது என்று காட்டிக்கொண்டு வந்தார். கிள்ளானிலிருந்து வாடகைக் காரில் மேரு. அங்கிளுக்கு உள்ளே அனுமதி கிடைக்கவில்லை. எதிரே இருந்த கடையில் தே தாரேக்கோடு உட்கார்ந்துவிட்டார்.

பரமேஸ் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். “டீச்சர் கை வைக்கக் கூடாது. நீங்க தொட்டீங்கன்னா அப்புறம் டீச்சர் போட்டதுன்னு சொல்லிடுவாங்க.”

சரி என்றுதான் போனேன். போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தால், முதலில் சொன்னேனே, அந்தத் தலைகீழ் மயில்.

எனக்கு உடனே தோன்றியது தாளைத் திருப்புகிற பழக்கம்தான். சுற்றிச் சுற்றி வரைந்ததில் வாசல் எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது போலிருக்கிறது. இத்தனை வாரம் சொல்லிக் கொடுத்து என்ன பயன் என்று எரிச்சல் வந்தது. எரிச்சலுக்கு அடியில் பயம் இருந்தது. பத்து மணிக்கு அதிக நேரம் இல்லை.

அரிசியை மிதிக்காமல் ஓரமாகப் போய்க் குனிந்து, மெதுவாகச் சொன்னேன். “பரமேஸ், மயில் தலைகீழா இருக்கு.”

அவர் கையில் இருந்த நீல அரிசியை நிதானமாகத் தூவி முடித்தார்.

“எங்கருந்து பாக்கறீங்க டீச்சர்?”

என்னுடைய கேள்வி. என்னிடமே.

“வாசல்லருந்துதான்.”

“அது ஆபீஸ் வாசல். இப்படிச் சுத்தி வாங்க.”

கூடத்தின் மறு பக்கத்தில் ஒரு இரும்புக் கதவு இருந்தது. அதைத் தாண்டினால் பேக்கிங் பிரிவு. தொழிலாளிகள் அந்தக் கதவு வழியாக வந்து, கூடத்தின் ஓரமாக நடந்து, கேன்டீனுக்குப் போவார்கள். நான் சுவரை ஒட்டி நடந்து போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று திரும்பினேன்.

மயில் நேராக நின்றது. தலையைத் தூக்கிக்கொண்டு, தோகையை விரித்துக்கொண்டு, நன்றாகவே நின்றது.

“போன வருஷம் குத்துவிளக்கு போட்டோம்” என்றார் பரமேஸ், உட்கார்ந்தபடியே. “நாங்க முட்டி வலிக்க உக்காந்து போட்டது. ஆபீஸ் டோர்லருந்து பாத்தா அழகா இருக்கும். நாங்க சாப்புடப் போறப்பல்லாம் விளக்கு கவுந்து எண்ணெ கொட்டற மாதிரிதான் தெரிஞ்சிச்சு. அதுக்கு முந்தி பானை. அதுவும் கவுந்த பானைதான். எல்லாருக்கும் நேரா தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான், இந்தத் தடவ எங்களுக்கு.”

பக்கத்தில் இருந்த கக் ரோஸ் முக்காட்டின் நுனியை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்தார். அவருக்கு இது முன்பே தெரியும். எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

நான் இன்னொரு தடவை குனிந்து பார்த்து, “கால் இன்னும் தடிமனாத்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னேன்.

பத்து மணி

குணா கண்ணாடிக் கதவு வழியாக வந்தார். ஐம்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. மோசமான ஆள் இல்லை. மேலேயும் கீழேயும் பதில் சொல்லி அலுத்துப் போன முகம். வந்து நின்று பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“என்ன பரமேஸ், தலைகீழா இருக்கு?”

பெண்கள் யாரும் நிமிரவில்லை. பரமேஸ் எழுந்து நின்றார். முழங்காலில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டார்.

“நீங்க அங்க நிக்கறீங்கண்ணே. இந்தப் பக்கம் வந்து பாருங்க.”

“நான் பாத்து என்ன லா? மேடம் வருவாங்க, போட்டோ எடுக்கணும். வாசல்ல நுழைஞ்சதும் தலைகீழா இருக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

“சுத்தி வரச் சொல்லுங்க. நாங்க தினமும் கேட்டுலருந்து சுத்திதானே வரோம்.”

அவர் சொன்னதில் கோபமே இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வது போலச் சொன்னார். தொழிலாளிகள் கண்ணாடிக் கதவைப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கே ஒரு விதி உண்டு என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

குணா வெளியே கார் நின்ற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஸ்டிக்கரை எடுத்து வரப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து இடைவேளை மணி அடித்தது.

இரும்புக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஆட்கள் வந்தார்கள். தமிழர்கள், மலாய்க்காரர்கள், நேப்பாளத்து ஆண்கள். கேன்டீன் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் திரும்பாமல் நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள். ஒருவர்கூடப் போனைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

குணா அந்தப் பக்கம் தனியாக நின்றார். எல்லாரும் பார்க்கிறதை அவர் மட்டும் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, சுவரை ஒட்டி, அரிசியை மிதிக்காமல் சுற்றி நடந்து வந்தார். கூட்டம் அவருக்கு இடம் விட்டது. இரும்புக் கதவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் அந்த லைனில் நின்றவர்தான் என்று பரமேஸ் சொல்லியிருந்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். மேலதிகாரி என்றால் ஏதாவது ஒரு குறை சொல்லியாக வேண்டும் இல்லையா.

“காலு ரொம்பத் தடிப்பா இருக்கு.”

“நாள் பூரா நிக்கிற காலுண்ணே” என்றார் பரமேஸ். “அப்படித்தான் இருக்கும்.”

குணா குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்ததும் பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நேப்பாளத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது, அவர்களும் சிரித்தார்கள்.

குணாவுக்கு மேலதிகாரியான, மேடம் என்கிற சீன அம்மாள் பிறகு வந்தார். கண்ணாடிக் கதவருகே நின்று தலையைச் சாய்த்தார். குணாவே போய், கையைக் காட்டி, இந்தப் பக்கமாக வாருங்கள் என்று சுற்றி அழைத்து வந்தார். போட்டோ இரும்புக் கதவுக்கு முன்னால் எடுக்கப்பட்டது. பின்னணியில் கம்பெனிப் பெயர் இல்லை. ‘காதுக் கவசம் அணியவும்’ என்கிற பலகைதான் இருந்தது.

கிளம்புகிறபோது குணா பரமேஸிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“அந்த ஸ்டிக்கர என் வீட்ல ஒட்டிக்கறேன். சம்சாரம் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தா. அடுத்த வருஷம் என்ன போடப் போறீங்க?”

“யானைண்ணே. காலப் பத்தி யாரும் பேச முடியாது.”

திரும்பும்போது ரயிலில் சேவியர் அங்கிள் என் எதிரே உட்கார்ந்து, “மயில் எப்படி வந்துச்சு டீச்சர்?” என்று கேட்டார். போனை எடுத்தேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு படம், உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக் கதவருகே நின்று எடுத்தது. மற்ற நேரமெல்லாம் படம் எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. போனைத் திருப்பிப் பார்த்தேன். படமும் கூடவே திரும்பிக்கொண்டது. எப்படிப் பிடித்தாலும் எனக்கு மயில் தலைகீழாகத்தான் நின்றது.

அலுத்துப் போய்ப் போனை மடியில் படுக்க வைத்தேன். அங்கிள் எதிர் இருக்கையிலிருந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

“இங்கருந்து சரியாத்தானே இருக்கு டீச்சர்” என்றார்.